கரி நிற்கும் பதம்

திருநீற்றுப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு சாக்கை விரித்து வைப்பேன். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிப்போன ஓலைகளைச் சனங்கள் கொண்டுவந்து அதில் போடுவார்கள். புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் இவற்றை எரித்துத்தான். எங்கள் பக்கம் பனங்குருத்துதான். சிலுவையாக முடைந்து மாதா படத்துக்குப் பின்னாலோ நிலைப்படி மேலோ செருகி வைத்திருப்பார்கள். அடுப்பங்கரையில் இருந்த ஓலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சுரூப மாடத்து ஓலையில் மெழுகு வழிந்திருக்கும். அதைச் சுரண்டி, குண்டூசி, நூல், ரிப்பன் எல்லாம் நீக்கி, ஈர்க்கையும் கிழித்துப் போடுவேன். பிளாஸ்டிக் ரிப்பன் ஒரு துண்டு தப்பினாலும் சாம்பல் நாறிவிடும்.

கோயில்பிள்ளையான என் கைப்பதம் தெரிவது எரிப்பதில். திறந்த தீயில் போட்டால் ஓலை குபீரென்று எரிந்து வெளிறிப் பறந்துவிடும். நெற்றியில் தெரியவே தெரியாது. இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சுருண்டு கறுக்கும் நேரம் பார்த்து மூடிவிட வேண்டும். காற்று இல்லாமல் தீ அணையும், கரி கரியாகவே நிற்கும். ஆறியதும் இடித்து வேட்டித் துணியில் சலிப்பேன். தண்ணீர் விட்டுக் குழைக்கக் கூடாது. சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரம் கிளம்பும், பிள்ளைகளின் நெற்றி புண்ணாகிவிடும். சாமியார் தெளிக்கும் சில துளித் தீர்த்தத்தோடு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். 2021-இல் பெருந்தொற்றுக்காக, சாம்பல் பூசும்போது சொல்லும் வாசகத்தை எல்லாருக்கும் பொதுவாக ஒரே முறை சொல்லிவிட்டு சாம்பலைத் தலையில் தூவும்படி ரோமிலிருந்து உத்தரவு வந்தது. அந்த வருடம் எண்ணெய் சேர்க்காமல், துணியை இரட்டையாக மடித்துச் சலித்தேன்.

முடைச்சலைப் பார்த்தாலே ஓலை எந்த வீட்டுடையது என்று தெரியும். பனைவிளை எல்லைத் தகராறில் பேச்சை விட்டுவிட்ட அண்ணன் தம்பி இருவர் எங்கள் ஊரில் உண்டு. இரண்டு வீட்டுச் சிலுவையிலும் நடுவில் அதே இரட்டை முடிச்சு, அம்மா சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் எடுத்து ஒரே ஈட்டில் போடுவேன். இடித்த பிறகு இது யாருடையது என்று என்னாலும் சொல்ல முடியாது.

ஆனால் சாம்பல் பூசியதோடு மன்னிப்பு கிடைத்துவிட்டதாக நான் நம்பவில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு சமாதானமாகு என்பது ஆண்டவர் மலைமேல் சொன்ன ஒழுங்கு. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை நீளமாக நிற்கிறது. அடுத்த வீட்டுப் படியேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் படி ஏறாத நோன்பு பட்டினி மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு வருடம் தம்பிக்காரன் சாக்கைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணாச்சி, எங்க அண்ணன் வீட்டு ஓலை வந்துட்டா?”

“இல்லப்பா, இன்னும் வரல.”

கொஞ்ச நேரம் நின்றான். “சரி, நானே போய் வாங்கிட்டு வாறேன்” என்று கிளம்பினான். பொழுது சாய்ந்துதான் ஓலையோடு வந்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. “மைனி கருப்பட்டிக் காப்பி தந்தாவ” என்றான். எல்லை வழக்கு இன்னும் முன்சீப் கோர்ட்டில்தான் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓலையைத் தம்பிதான் இப்போது கொண்டுவருகிறான்.