இரண்டு வெள்ளை எலிகளும் அத்தாவின் இரைப்பும்



சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளில் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து என் மகள் இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்தாள். வண்ண மீன்களும் லவ் பேர்ட்ஸும் விற்கும் வேலூர்க் கடை ஒன்றுக்கு அவளுடைய மாமா அழைத்துச் சென்றிருக்கிறார். மாலையில் நான் வேலை முடிந்து பள்ளிகொண்டாவுக்குத் திரும்பியபோது, துளையிட்ட அட்டைப் பெட்டி ஒன்று கூடத்தின் நடுவே இருந்தது. வீடே அதைச் சுற்றி நின்றிருந்தது. என் தாயார் மட்டும் அடுப்படி வாசலைத் தாண்டி வரவில்லை. "எலிய ஒழிக்கக் காசு குடுப்பாங்க, கேள்விப்பட்டிருக்கேன். காசு குடுத்து எலி வாங்கினது நாமதான்" என்று அங்கிருந்தே சொன்னார்.

அத்தாவின் வெறுப்புக்குக் காரணம் வேறு. முப்பத்தைந்து ஆண்டுகள் தோல் தொழிற்சாலைகளில் உழைத்தவர் அவர். உப்பிட்ட பச்சைத் தோல்களை அடுக்கி வைக்கும் கிடங்கில்தான் முதலில் சேர்ந்தார். எலி கடித்த தோல் தரம் இறங்கிவிடும். ஆகவே இரவில் பொறி வைப்பதும், விடிந்ததும் அதில் அகப்பட்டவற்றை எண்ணுவதும் அந்த நாட்களில் அவருடைய பொறுப்புகளுள் ஒன்று. பேத்தியின் கையில் எலி ஏறி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டார்.

எனக்கோ மார்க்கம் குறித்த ஐயம். இஹ்ராம் நிலையில் இருப்பவர்கூடக் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களுள் காகம், பருந்து, தேள், வெறிநாய் ஆகியவற்றோடு எலியும் உண்டு என்னும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். உறங்கும் முன் விளக்கை அணைத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டோடு எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறியிருக்கிறார்கள். அத்தகைய பிராணியைக் கூண்டில் வைத்துப் பாலும் பழமும் ஊட்டலாமா? இஷா தொழுகைக்குப் பின் எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். கொல்ல வந்த அனுமதி தீங்கைத் தடுப்பதற்கானது என்றும், அத்தகைய உயிரினங்களை வளர்ப்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும் சொன்னார். "என்னைக் கேட்டா வாங்கியிருக்க வேண்டாம். ஆனா வாங்கிட்டீங்களே" என்றார். பிறகு பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணின் ஹதீஸை நினைவூட்டினார். அவள் பூனை வைத்திருந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. உணவும் கொடுக்காமல், பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் வைத்திருந்ததே குற்றம். "இந்த வெள்ளை எலிய நீங்க அவிழ்த்து விட்டா ஒரு ராத்திரி தாங்குமா? காக்காவும் பூனையும் விடுமா? அப்போ உங்களுக்கு ஒரு வழிதான் இருக்கு. எலிய வளர்க்கலாமாங்கிறதுலதான் கருத்து வேறுபாடு. வளர்க்கிறத பட்டினி போடக் கூடாதுங்கிறதுல ஒரு வேறுபாடும் இல்ல." எச்சமும் சிறுநீரும் நஜீஸ் என்பதால் தொழும் இடத்துக்கு அவை வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார்.

மகள் அவற்றுக்குப் பஞ்சு, மிட்டாய் என்று பெயரிட்டாள். நான்கு மாதம் குறையொன்றும் இல்லை. எலிகள் கூட்டமாக வாழும் பிராணிகள். தனியே ஒன்றை வைத்தால் ஏங்கிப் போகும். அந்த வகையில் கடைக்காரர் இரண்டாகக் கொடுத்தது நன்மையே. எனினும் அவர் சொன்ன வேறொரு யோசனை எங்களைப் பிழையில் கொண்டு விட்டது. மர அறுவை மில்லில் தூள் வாங்கிக் கூண்டுக்குள் பரப்புங்கள் என்றார். அப்படியே செய்தோம்.

ஐப்பசி மழையின்போது பஞ்சு தும்மத் தொடங்கியது. பிறகு அதன் கண்ணோரத்திலும் மூக்கைச் சுற்றியும் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. இரத்தம் என்று எண்ணி மகள் அழுதாள். நான் ஒரு வாரம் பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு வாரமாயிற்று. எலிக்கு மருத்துவரைத் தேடி அலைவதைத் தெருவில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்னும் கூச்சமே தாமதத்துக்குக் காரணம். வேறு காரணம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொய்கை மாட்டுச் சந்தைக்கு வந்திருந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினேன். மாடும் ஆடும் தமக்குத் தெரியும், இதற்கு வேலூரில் செல்லப்பிராணிகளைப் பார்ப்பவரிடம் போங்கள், அங்கும் முடியாவிட்டால் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள் என்று மறைக்காமல் சொன்னார். 1903-இல் தொடங்கிய அக்கல்லூரிவரை செல்லும் தேவை எங்களுக்கு ஏற்படவில்லை. வேலூர் மருத்துவரே பார்த்துக்கொண்டார்.

அவர் எலியைத் தம் காதருகே வைத்துச் சில நொடிகள் கேட்டார். பிறகுதான் குழாயை எடுத்தார். அந்தச் சிவப்பு இரத்தமன்று. கண்ணுக்குப் பின்னுள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறப்பொருள். எலி நோயுற்றாலோ பதற்றமுற்றாலோ அது மிகுதியாகச் சுரக்கும். மூச்சில் எழும் களகளப்புக்குக் காரணம் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி. வளர்ப்பு எலிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், தாயிடமிருந்தே தொற்றி, அது குடியிருக்குமாம். ஆய்வுக்கூடங்களில் குட்டிகளை அறுவை செய்து எடுத்து, கிருமியற்ற வேறு தாயிடம் வளர்த்து அதை ஒழித்திருக்கிறார்கள். கடை எலிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மனிதருக்கு இந்த நோய் வராது. ஆயினும் எலி கடித்தால் வரும் காய்ச்சல் வேறு உண்டு, ஆகவே தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும் என்றார்.

வீட்டில் மீந்திருந்த அமாக்சிசிலின் சொட்டு மருந்தை நான் ஏற்கெனவே ஒரு நாள் கொடுத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்குபவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. டாக்சிசைக்ளின், என்ரோபிளாக்சசின் போன்றவையே அதன்மேல் வேலை செய்யும். அவையும் நோயை அடக்குமேயன்றி வேரோடு எடுக்கா. எலியை எடை போட்டு அளவு எழுதிக் கொடுத்தார். டாக்சிசைக்ளினைப் பாலில் கலக்கக் கூடாது, பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் மசித்த வாழைப்பழத்தில் கலந்து, ஊசி நீக்கிய சிரிஞ்சின் நுனியில் வைத்துக் கொடுத்தோம். முதல் நாள் உண்டது. இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாளிலிருந்து மகள் துண்டில் சுற்றிப் பிடிக்க நான் கடைவாய்ப் பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவசரப்பட்டால் மருந்தே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

மரத்தூளைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. அதன் தூசியும், சில மரங்களின் எண்ணெய் வாடையும் எலியின் நுரையீரலைப் புண்ணாக்கும். அதைவிடக் கேடு அம்மோனியா. சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அந்த வாயு முதலில் தங்குவது தரையருகே, எலியின் மூக்கு இருக்கும் உயரத்தில். எலியால் மூக்கால் மட்டுமே மூச்சுவிட முடியும். வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் நிலைமை எல்லை மீறிவிட்டது என்று பொருள். "கூண்டுல வாடை ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றேன். காலையில் கூண்டைத் திறந்து முகத்தைத் தரைவரை தாழ்த்திப் பாருங்கள் என்றார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அப்படியே செய்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தாவை அழைத்தேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மகள் வந்து ஒருமுறை மூக்கை வைத்தாள். "டேனரி வாசம் அடிக்குது அத்தா" என்று விலகிக்கொண்டாள்.

தோல் தொழில் அறியாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மயிர் நீக்குவதற்காகச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறிய தோலிலிருந்து அந்தச் சுண்ணாம்பை மீண்டும் வெளியே எடுக்க அம்மோனியம் உப்புகளைப் போட்டு டிரம்மில் சுழற்றுவார்கள். டிரம்மின் கதவைத் திறக்கும்போது அம்மோனியா முகத்தில் அறையும். கிடங்கிலிருந்து மாறிய பின் அத்தா வேலை செய்தது அந்த டிரம்களில்தான். நான் இருப்பது தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில். எனக்கு வாடையைவிடத் தூசி அதிகம். அன்று அத்தா திண்ணையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொன்னார்: "முதல் மாசம் கண்ணுல தண்ணியா ஊத்தும். அப்புறம் வாடையே தெரியாது. உடம்பு பழகிடுச்சுன்னு நெனச்சோம்." பழகியது மூக்கு மட்டுமே என்று அவருக்கும் எனக்கும் அப்போது ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. மரத்தூளை எறிந்துவிட்டுப் பழைய பருத்தித் துணிகளை விரித்தோம். நாள்தோறும் மாற்றி, வெந்நீரில் அலசிக் காயவைத்தோம். மேலே, தூசியில்லாத வெள்ளைத் தாளைக் கிழித்துப் போட்டோம். ஆம்பூர்ப் பக்கம் செருப்புப் பெட்டிகளில் திணிக்கும் மெல்லிய தாள் அதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. கொசுவத்தி நின்றது. வியாழன் இரவு தவறாமல் சாம்பிராணி போடும் என் தாயார் முதலில் ஒப்பவில்லை. பின்னர் தட்டைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். நான் வேலை உடுப்பை மாற்றி, குளித்த பிறகே கூண்டின் அருகே சென்றேன். மகளுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு வந்தபோது வாங்கிய நெபுலைசர் பரணில் கிடந்தது. அதற்குப் புதுக் குப்பியும் குழாயும் வாங்கி, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் எலியை விட்டு, மருத்துவர் சொன்னபடி உப்புநீர் ஆவி செலுத்தினோம். பத்து நிமிடத்தில் களகளப்பு தணிவதைக் கேட்க முடிந்தது.

கேட்டவர் அத்தாதான். இரவு தஹஜ்ஜுத்துக்கு எழுபவர், கூண்டின் பக்கம் காதைச் சாய்த்துவிட்டுப் போவார். விடிந்ததும், "ராத்திரி ரெண்டு மணிக்குச் சின்னது சரியா இருந்துச்சு, பெருசுக்குத்தான் இழுத்துச்சு" என்று செய்தி சொல்வார். பொறி வைத்த கையா இது என்று என் தாயார் கேலி செய்தார்.

பஞ்சு மார்கழிவரை இருந்தது. இரண்டாம் முறை நோய் திரும்பியபோது மருந்து பிடிக்கவில்லை. விலாவை உள்ளே இழுத்து இழுத்து மூச்சுவிட்டது, உணவைத் தொடவில்லை. ஊசி போட்டு உறங்க வைத்துவிடலாம் என்று மருத்துவர் மெல்லச் சொன்னார். எனக்குத் துணிவு வரவில்லை. துன்பம் நீட்டியது சரியா என்று இன்றும் அறியேன். ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. மறுநாள் அஸருக்கு முன் மகளின் மடியில், துண்டுக்குள் அடங்கிவிட்டது. கொல்லையில் கொய்யா மரத்தடியில் புதைத்தோம். அத்தாதான் குழி வெட்டினார். நான்கு வெட்டுக்கு ஒருமுறை மண்வெட்டியை ஊன்றி நின்றார். அப்போது அவர் நெஞ்சிலிருந்து வந்த ஒலியை நான் கேட்டேன்.

சிறு வயதிலிருந்தே கேட்ட ஒலிதான் அது. கடிகாரத்தின் ஓசைபோல எங்கள் வீட்டில் அது எப்போதும் இருந்தது; இருப்பதாக யாரும் எண்ணியதில்லை. கைப்பிடியளவு எலியின் மூச்சை இரண்டு மாதம் உற்றுக் கேட்ட பின்னரே என் காதில் அது விழுந்தது.

அடுத்த வாரம் அவரை வேலூருக்கு நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். குழாயில் ஊதச் சொல்லி அளந்து பார்த்தார்கள். எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று மருத்துவர் கேட்டார். "எப்பவும் இப்படித்தான் சார்" என்றார் அத்தா. தோல் தொழிலைப் பற்றி விவரமாகக் கேட்டவர், வீட்டில் பிராணிகள் உண்டா என்றும் கேட்டார். எலி என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் காற்றில் கலந்து இரைப்பைத் தூண்டக்கூடும், கூண்டு இவர் படுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, இவர் அதைச் சுத்தம் செய்யவும் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் கூண்டை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றி, கம்பி வலையைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டினேன். மிட்டாய் இப்போது அங்கே தனியாக இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மஃரிப்வரை அதனோடுதான். இன்னொன்று வாங்கித் தரும்படி கேட்கிறாள். நான் இதுவரை சம்மதிக்கவில்லை. எலிகளின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள். தனிமை அதற்குத் துன்பம். புதிதாக ஒன்று வந்தால் அதன் நெஞ்சிலும் அதே கிருமி. முடிவெடுக்க இயலவில்லை.

நெஞ்சக மருத்துவர் அத்தாவுக்கு எழுதியதும் நெபுலைசர்தான். புதிது வாங்க அவர் விடவில்லை. வீட்டில் இருக்கிறதே என்றார். முகமூடியும் குழாயும் குப்பியும் தனியாக வாங்கினோம். ஒரு குப்பியில் 'தாதா' என்றும் மற்றதில் 'மிட்டாய்' என்றும் மகள் எழுதி வைத்திருக்கிறாள். ஒன்று அலமாரியில் இருக்கிறது, மற்றது தாழ்வாரத்தில். என் தாயார் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கழுவ யாரையும் அனுமதிப்பதில்லை.