என்பாரும் உளர்

கற்றலுக்குப் பங்கு பிரித்துக் கணக்குச் சொன்னவர் பவணந்தி முனிவர். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது நன்னூலின் கருத்து. மாணவர்களை வரிசையாக அமர்த்திவைத்து நாமே பேசிக்கொண்டிருக்கும் வகுப்பறைகளில் இந்த 13ஆம் நூற்றாண்டுக் கணக்கு பெரும்பாலும் மறந்தே போகிறது.

2020இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, உடன் பயில்வோருக்குரிய அந்தக் கால் பங்கு வாட்ஸ்அப் குழுவுக்குக் குடிபெயர்ந்தது. முதுகலை மாணவர்களுக்குச் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தோம். கண்ணகி மதுரையை எரித்தது அறமா என்ற பழைய வினாவைக் குழுவில் வைத்தோம்.

நேர் வகுப்பில் இவ்வினாவுக்கு நான்கைந்து குரல்களே எழும். பட்டிமன்ற மேடை கண்டவர்கள் முழங்குவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இங்கோ, முதலாண்டு முழுதும் வருகைப்பதிவுக்கு மட்டுமே வாய்திறந்த மாணவி ஒருவர் இரவு பத்து மணிக்கு எழுதினார். வஞ்சின மாலையில் அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடுமாறு தீக்கடவுளிடம் கண்ணகி சொல்கிறாளே, அப்படியானால் எஞ்சிய எல்லோரும் தீயோர்தாமா என்பது அவர் கேள்வி. அன்றிரவு பலர் நூலைத் திறந்தார்கள். பேச்சு உடனடி விடையைக் கேட்கிறது. எழுத்தோ பக்கத்தைப் புரட்டிப் பார்க்க அவகாசம் தருகிறது.

மூன்றாம் நாள் மறுபக்கமும் தெரிந்தது. விடுதியில் ஓரறையில் தங்கிப் படித்த நண்பர் இருவரில் ஒருவர், "படித்துவிட்டு வந்து பேசு" என்று எழுதிவிட்டார். முகம் பார்த்துச் சிரித்தபடி சொல்லியிருந்தால் கேலியாகப் போயிருக்கும். கைப்பேசித் திரையில் அது அறையாக விழுந்தது. யாரோ அதைப் படமெடுத்து, ஆசிரியர்கள் இல்லாத வேறொரு குழுவில் சிரிப்புக்கு வைத்தார்கள். பிறகு எங்கள் குழுவில் "சரிங்க ஐயா" தவிர வேறு சொல் இல்லை.

நம் உரையாசிரியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மறுக்கப்போகும் கருத்தையும் "என்பாரும் உளர்" என்று பதிவுசெய்துவிட்டே மறுப்பார்கள். அதையே விதியாக்கினோம்: எதிர்க்கருத்தை, அதைச் சொன்னவரே ஒப்பும்படி முதலில் எழுத வேண்டும்; மறுப்பு அதன் பின்னரே. செய்திகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒவ்வொன்றின் நீளமும் கூடியது. ஒரு வாரம் கழித்து, கடுஞ்சொல் எழுதிய அந்த நண்பர் மற்றவரின் வாதத்தை அவரைவிடத் தெளிவாக எழுதினார். "இதைத்தான் சொன்னேன்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சண்டைக்குப் பின் இருவருக்கிடையே நிகழ்ந்த முதல் பேச்சு அதுதான். பழைய நெருக்கம் முழுதாகத் திரும்பவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போதும் முதல்நாள் இரவு எழுத வைக்கிறோம்; மறுநாள் வட்டமாக அமர்ந்து பேச வைக்கிறோம். சிந்தனை கூர்மையாவதற்கு அந்த இரவு தேவைப்படுகிறது; கூர்மை நட்பை அறுத்துவிடாதிருக்க மறுநாள் முகங்கள் தேவைப்படுகின்றன. கற்பிக்கும் நண்பர்கள் தங்கள் வகுப்புகளில் கண்டதையும் சொன்னால் மகிழ்வோம்.