விளிம்பில் ஓர் இடம்

மேசைமீது கிடக்கும் நூலொன்றை மேலிருந்து நோக்குவோர்க்கு அதன் அட்டை தெரியும். முதுகுப்புறமாக நோக்குவோர்க்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தெரியும். முதுகுக்கு எதிர்ப்புறத்தே, தாள்களின் ஓரங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்குண்டு கிடக்கும் வெண்ணிற விளிம்பைப் பெரும்பாலும் எவரும் நோக்குவதில்லை. ஆயினும் நூலைத் திறக்கவரும் கை முதலில் தொடுவது அதனைத்தான். பேரகராதிகள் சிலவற்றிலும் விவிலியப் பதிப்புகள் சிலவற்றிலும் அவ்விளிம்பிலே பெருவிரல் நுனி அமரத்தக்க அரைவட்டக் குழிகள் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். வேறு சில நூல்களில் குழிக்குப் பதிலாக, ஒவ்வோர் அத்தியாயத்திற்கும் ஒவ்வோர் உயரத்தில், தாளின் ஓரத்தைத் தொட்டவாறு கறுப்புப் பட்டையொன்று அச்சிடப்பட்டிருக்கும். நூலை மூடிப் பக்கவாட்டில் நோக்கினால் அப்பட்டைகள் ஏணிப்படிகள் போலக் கீழிறங்கிச் செல்வதைக் காணலாம். இவற்றை விளிம்புக்குறிகள் எனலாம்.

குழி வெட்டுதல் நூல் கட்டி முடிந்தபின் செய்யப்படும் தனி வேலை. அதற்குத் தனிக் கூலியும் உண்டு. தாளுக்கு வெளியே நீட்டிநிற்கும் நாக்குகளும் அவ்வாறே தனியாக வெட்டப்படவேண்டியவை. செலவைக் குறைக்க விரும்பும் வெளியீட்டாளரின் கண்ணில் இவை முதலில் படுவதில் வியப்பில்லை.

இவ்வாறு குறைக்கப்பட்ட செலவொன்று பின்னர் உலகறியப் பேசப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கின் லகார்டியா நிலையத்திலிருந்து எழுந்த பயணிகள் விமானமொன்று ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் வாத்துக் கூட்டமொன்றில் மோதியது. இரு இயந்திரங்களும் உந்துவிசை இழந்தன. அதன்பின் அவ்விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கும்வரை கழிந்த நேரம் மூன்றரை நிமிடமளவே. அந்நேரத்தில் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் அவசரகாலக் கைந்நூலை எடுத்து, இரு இயந்திரங்களும் செயலிழக்குமிடத்துச் செய்யவேண்டியவற்றைக் கூறும் பக்கத்தைத் தேடவேண்டியிருந்தது. அக்கைந்நூலில் முன்னர் எண்ணிட்ட நாக்குகள் வெளியே நீட்டிநின்றன என்றும், செலவைக் குறைக்கும்பொருட்டு விமான நிறுவனம் அவற்றை நீக்கிவிட்டு எண்களைப் பக்கத்தினுள்ளேயே அச்சிடலாயிற்று என்றும் தலைமை விமானி செஸ்லி சலன்பெர்கர் அதே ஆண்டு வெளிவந்த தமது நூலிலே எழுதினார். ஸ்கைல்ஸ் விரைந்து பக்கத்தைக் கண்டார். 155 பேரும் உயிர் தப்பினர். நாக்குகள் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்று கூற இடமில்லை. அந்தப் பட்டியலே மூன்று பக்க நீளமுடையது. மிக உயரத்தில் பறக்கும் வேளையை எண்ணி எழுதப்பட்டது. அதன் முதற்பகுதியைத் தாண்டிச் செல்ல அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. எனினும், நொடிகளை எண்ணவேண்டிய இடத்தில் விரலுக்குரிய வேலையைக் கண்ணுக்கு மாற்றிவைத்தது சிக்கனமா என்பது கேட்கத்தக்க வினாவே.

வெட்டப்படும் நாக்குக்கும் குழிக்கும் மாற்றாக மையினால் இடப்படும் பட்டை கிட்டத்தட்டச் செலவற்றது. அது பக்கத்தின் ஒரு பகுதியாகவே அச்சேறுகிறது. வேண்டுவதெல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் அதனைச் சரியான உயரத்தில் வைப்பதே. கணினியில் நூல் அமைப்போர்க்கு இது மிக எளிதாயிருக்கவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அவ்வாறன்று.

மேசைக் கணினியில் பக்கம் அமைக்கும் காலத்தை 1985ஆம் ஆண்டு வெளிவந்த பேஜ்மேக்கர் தொடக்கிவைத்தது எனலாம். அன்று தொட்டு இத்தகைய மென்பொருள்கள் பக்க எண்ணைத் தாமே இடக் கற்றன. பொருளடக்கத்தைத் தாமே தொகுக்கக் கற்றன. அத்தியாயத் தலைப்பைப் பக்கத்தின் உச்சியில் தாமே எழுதவும் கற்றன. 1999இல் வெளிவந்து இன்று பலராலும் கையாளப்படும் இன்டிசைனை எடுத்துக்கொள்வோர், அதில் மூலப்பக்கம் ஒன்றை ஒருமுறை அமைத்துவிட்டால் அதன்வழி வரும் பக்கங்கள் யாவும் அதன் சாயலைப் பெறுவதைக் காண்பர். மூலப்பக்கத்தில் அத்தியாய எண்ணுக்குரிய மாறியொன்றை வைத்தால், ஐந்தாம் அத்தியாயத்தில் 5 என்றும் ஆறாம் அத்தியாயத்தில் 6 என்றும் அது தானே மாறும். ஆயின் அது நிற்கும் இடம் மாறாது. மாறியின் வேலை எழுத்தை மாற்றுவதே, உயரத்தை மாற்றுவதன்று. விளிம்புக்குறியின் பொருளோ அதன் உயரத்திலேயே தங்கியிருக்கிறது. எல்லா அத்தியாயங்களின் குறியும் ஒரே உயரத்தில் நின்றால் மூடிய நூலின் விளிம்பில் தெரிவது நீண்ட கறுப்புக்கோடு ஒன்றே.

இதன் காரணம் ஆழமானது. திரை நூலைப் பக்கம் பக்கமாக முன்புறத்திலிருந்து காட்டுகிறது. விளிம்புக்குறி பிறப்பதோ எல்லாப் பக்கங்களும் அடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, பக்கவாட்டில் நோக்கப்படும்போது. மென்பொருளுக்கு நூல் என்பது பக்கங்களின் வரிசை. கைக்கு அது கனமுள்ள ஒரு கட்டி.

ஆகவே பக்கம் அமைப்பவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஒன்று, அத்தியாயத்திற்கு ஒரு மூலப்பக்கமாகப் பன்னிரண்டு மூலப்பக்கங்களை ஆக்கி, ஒவ்வொன்றிலும் பட்டையைக் கையால் சிறிது கீழே இறக்குகிறார். மற்றையது, கணக்கை எந்திரத்திடம் ஒப்படைக்கச் சிறு நிரல் எழுதுகிறார். கணக்கு மிக எளியது. பக்கம் 210 மில்லிமீற்றர் உயரம். மேலும் கீழும் 15 விட்டால் எஞ்சுவது 180. பன்னிரண்டு அத்தியாயங்களாயின் ஒன்றுக்கு 15 மில்லிமீற்றர். அத்தியாய எண்ணில் ஒன்றைக் கழித்து, 15ஆல் பெருக்கி, மேல் விளிம்புக்கு விட்ட 15ஐக் கூட்டினால் பட்டை தொடங்கும் இடம் கிடைக்கும். ஐந்தாம் அத்தியாயத்திற்கு 75. இந்நிலையில் ஆசிரியர் கடைசி வேளையில் பதின்மூன்றாம் அத்தியாயமொன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்க. ஆசிரியர்கள் அவ்வாறுதான் செய்வார்கள். படியின் அளவு 15இலிருந்து ஏறத்தாழ 13.8 ஆகிவிடுகிறது, முதலாவது அத்தியாயம் தவிர்ந்த எல்லாப் பட்டைகளும் நகரவேண்டும், பன்னிரண்டாவது 180இலிருந்து 167க்கு ஏறவேண்டும். கையால் செய்தவர் இரவு விழித்திருப்பார். நிரல் எழுதியவர் அதனை மீண்டும் ஓட்டிவிட்டு உறங்கச் செல்வார்.

ஆனால் உறங்குமுன் முன்னுரையைப் பார்த்துக்கொள்வது நன்று. டொனால்ட் கனூத் 1978இல் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையிலும், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக்கிலும் இத்தகைய கணக்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஒவ்வொரு பக்கமும் வெளியே செல்லும் கணத்தில் அத்தியாய எண் இன்னதென்று அம்முறைக்குத் தெரியும். முன்னுரைக்கு எண் இல்லை. ஆகவே அங்கே அத்தியாய எண் பூச்சியமாக நிற்கிறது. பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் பட்டை பக்கத்தின் உச்சி மூலைக்கு ஓடிவிடும். பின்னிணைப்புத் தொடங்குமிடத்தில் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணப்படுவதால், முதற் பின்னிணைப்பு முதலாம் அத்தியாயத்தின் இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். எந்திரம் இங்கு பிழை எதுவும் செய்யவில்லை. கேட்ட கணக்கைச் சரியாகவே செய்தது.

இருபது முப்பது அத்தியாயங்கள் வரும்போது வேறொரு தொல்லை. 180 மில்லிமீற்றரை முப்பதாற் பிரித்தால் கிடைப்பது ஆறு; பெருவிரலின் அகலமோ ஏறத்தாழ இருபது. பத்தாம் குறியோடு அடியைத் தொட்டு, பதினோராவதை மீண்டும் உச்சியில் தொடங்குவதே வழி. அப்போது ஒரே உயரத்தில் மூன்று அத்தியாயங்கள் நிற்கும். ஆயினும் அவை நூலின் கனத்தில் வெவ்வேறு ஆழத்தில் நிற்பதால் கை குழம்புவதில்லை.

தமிழ் அகராதிக்கு இம்முறையைக் கையாள முனைபவர் எதிர்கொள்வது இவை எவற்றிலும் நுண்ணிய சிக்கல். நிகண்டைச் செய்யுளாக மனனஞ்செய்து வைத்திருந்தவனுக்கு விளிம்பு தேவைப்படவில்லை. நெஞ்சிலே சூத்திரம் தானே வந்து நின்றது. 1732ஆம் ஆண்டுச் சதுரகராதி போன்றவை சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியபின் தேடல் கைக்கு மாறியது. எழுத்துகளோ சமமான பங்காளிகள் அல்ல. க, ச, த, ப, ம, வ என்பன அகராதியின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொள்கின்றன. ஔகாரத்திற்குக் கிடைப்பது ஓரிரு பக்கங்கள். ஞகரத்திற்கும் யகரத்திற்கும் அதைவிடச் சிறிது கூட. எழுத்துக்கு ஒரு படியென எந்திரம் சமமாகப் பகிர்ந்தால் ஔகாரத்திற்கும் அழகான பட்டையொன்று கிடைக்கும். ஆனால் ஒரு தாளின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. அந்தப் பட்டை விளிம்பில் மயிரிழையாகவே தெரியும். எந்த விரலும் அதைப் பற்றமுடியாது. மறுபுறம், ககரத்தின் ஒற்றைப் பட்டைக்குள் நுழைந்தவன் கொற்றத்தைக் காண நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டவேண்டும்.

ஒ, ஓ, ஔ மூன்றையும் ஒரு குறியின்கீழ்ச் சேர்ப்பதா? ககரத்தைக் க, கா, கி எனப் பிரிப்பதா? பிரித்தால் எங்கே நிறுத்துவது? நிரலுக்குப் பக்க எண்ணிக்கையைக் கொடுத்து, இத்தனை தாளுக்குக் குறைவாயின் சேர், இத்தனைக்கு மிகின் பிரி என்று கட்டளையிடலாம். அது பெரும்பாலும் சரியாகவே செய்யும். எனினும், ஞகரம் குறைவாயிருக்கிறதென்று அதனைச் சகரத்தோடு சேர்த்துவிட்டால், ஞாயிற்றைத் தேடி வருபவன் சகரத்தின் குறிக்குள் நுழைய எண்ணமாட்டான். தாளின் அளவை எந்திரம் அறியும். தேடுபவன் எந்த எழுத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருகிறான் என்பதைத் தமிழறிந்தவர்தான் சொல்லவேண்டும். ஆதலால் எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்னும் பட்டியலைக் கையால் எழுதிக்கொடுத்து, இடத்தைக் கணிப்பதை மட்டும் நிரலுக்கு விடுவதே தக்கது.

இத்தனையும் செய்து முடித்தபின் வெட்டு இயந்திரம் இருக்கிறது. பட்டை தாளின் ஓரத்தோடு நின்றால், வெட்டு ஒரு மயிரளவு விலகினாலும் வெள்ளைக்கோடு தோன்றிக் குறி மறைந்துபோகும். அதனாலேயே வெட்டெல்லைக்கு வெளியேயும் மூன்று மில்லிமீற்றர் மையை நீட்டிவைப்பது வழக்கம். நடுவே கம்பி தைத்துக் கட்டும் சிறு கைந்நூல்களில் உட்தாள்கள் வெளித்தாள்களைவிடச் சற்று முன்தள்ளி நிற்கும்; வெட்டும்போது அவையே அதிகம் இழக்கும். நடு அத்தியாயத்தின் பட்டை மற்றவற்றைவிட ஒடுங்கியிருப்பதைத் திரையில் எவரும் காணமுடியாது. சாதாரணத் தாளில் அச்சிட்டு, மடித்து, தைத்து, ஓரம் வெட்டிய ஒரு மாதிரிப்படியை, நூலை முன்பின் அறியாத ஒருவர் கையிற் கொடுத்து, ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும்.