ஒரு பழைய துப்பாக்கி கற்பித்தது

ஆண்டுதோறும் நம் கல்லூரியினின்று வெளிவரும் இவ்விதழை நாம் மாகஸின் என்கிறோம். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் சிறு பெட்டிக்கும் அதுவே பெயர். இரண்டிற்கும் வேர் ஒன்றே. சரக்கறையைக் குறிக்கும் அரபுச் சொல்லொன்று இத்தாலி, பிரான்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 1731-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் பத்திரிகையொன்று இப்பெயரைச் சூடிக்கொண்டது முதல் இதழ்களுக்கும் அது வழங்கலாயிற்று. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குக் கடை என்பது பொருள். இவற்றையெல்லாம் எனக்கு முதன்முதற் கூறியவர், இளமையிற் பிரெஞ்சுப் பள்ளியிற் பயின்ற என் தாய்வழிப் பாட்டனார். சென்ற டிசம்பர் விடுமுறையில் அவரிடம் யான் கற்ற மற்றொன்றை ஈண்டு எழுதப் புகுந்தேன். அஃது எனக்குப் பெருமை தருவதன்று.

தாத்தாவின் இல்லம் பாகூர்ப் பேரேரியை அடுத்த சிற்றூரொன்றில் உள்ளது. ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற அவர், குறிபார்த்துச் சுடும் சங்கமொன்றில் நெடுநாள் உறுப்பினர். வில்லியனூரில் இருந்த முதிய நண்பரொருவர் கண்ணொளி குன்றியமையால் தம் .22 ரைபிளை விற்க விரும்ப, உரிய அலுவலகத்தின் இசைவோடு அதனைத் தாத்தா வாங்கினார். பல ஆண்டுகள் பிறர் கையிற் பழகிய துப்பாக்கி அது. அதனுடன் இரண்டு மாகஸின்கள் வந்தன. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி இருபத்தொரு அகவை நிரம்பாதார் துப்பாக்கி உடையராதல் இயலாது. எனக்கோ அகவை பத்தொன்பது. ஆகவே தாத்தா அருகிலிருக்க மாகஸின்களைத் துடைத்தலும், கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்தலும், குறிப்பேட்டில் எழுதுதலுமே என் பணிகளாயின.

இவ்வகைத் தோட்டாவின் மூதாதை, 1845-ஆம் ஆண்டளவில் புலோபேர் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிசு நகரில் இயற்றிய சிறு தோட்டாவாகும். இன்று பெரிதும் வழங்கும் 'லாங் ரைபிள்' வடிவம் 1887-இல் அமெரிக்காவில் தோன்றியது. பற்றவைக்கும் மருந்து இதன் அடித்தட்டின் நடுவிலன்றி விளிம்பினுள்ளே வளையமாக அமைந்துள்ளது. தாத்தாவின் ரைபிள் பாதித் தானியங்கி வகையைச் சார்ந்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டே செல்லும். ஆயினும் அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே ஏற்றிக்கொள்ளும். வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு பின்னோக்கி உந்தப் போல்ட் பின்னே செல்கிறது. கொக்கியொன்று அக்கூட்டை இழுத்து வெளியே எறிய, சுருள்வில் போல்ட்டை மீண்டும் முன்னே தள்ளுகிறது. அது மாகஸினின் மேலுள்ள தோட்டாவை அறையினுட் செலுத்துகிறது. இத்தனையும் இமைப்பொழுதில் நிகழ்வன. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் துப்பாக்கி நின்றுவிடும்.

சங்கத்தின் சுடுகளத்தில் அது நின்றுவிட்டது. இரண்டு குண்டுகள் சென்றன. மூன்றாம் தோட்டா அறைக்குட் செல்லாமல் அதன் வாயிலிலே முட்டிக்கொண்டு கிடந்தது. தாத்தா குழல்வாயை இலக்கின் பக்கமே நிறுத்தி, மாகஸினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னே இழுத்துத் தோட்டாவை அகற்றினார். அறையைக் கண்ணாற் கண்டு, விரலாலும் தொட்டுப் பார்த்த பின்னரே வாய் திறந்தார்.

“தம்பி, என்ன நினைக்கிறாய்?” என்றார்.

“தோட்டாக்கள் தரமற்றவை, தாத்தா” என்று யான் சற்றும் தயங்காது விடையிறுத்தேன்.

என் விடை அறியாமையாற் பிறந்ததன்று. முந்தின நாள் மாலை மாகஸின் ஒன்றைத் துடைக்கும்போது அது என் கைந்நழுவித் திண்ணையின் கருங்கற்படியில் விழுந்தது. தாத்தா அப்போது உள்ளே விளக்கேற்றச் சென்றிருந்தார். எடுத்துப் பார்த்தேன், ஊறு ஒன்றும் புலப்படவில்லை. துடைத்து மற்றதனோடு வைத்துவிட்டேன். அதனை அவரிடம் கூறினேனல்லேன்.

தாத்தா என் சொல்லை மதித்தார். உரிமத்தில் வரையறுத்த அளவிற்கு மேல் தோட்டா வாங்குதல் இயலாது. அச்சிறு அளவினின்று வேறுவகைத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். வலிகுறைந்த தோட்டாவாயின் போல்ட் முழுதும் பின்செல்லாது, அடுத்த தோட்டாவை எடாமலே திரும்பும் என்றும், இங்கோ தோட்டா எடுக்கப்பட்டே வழியில் நிற்கிறது என்றும் விளக்கினார். தோட்டாவின்மேற் குற்றமில்லை என்பது தெளிவாயிற்று.

மறுநாள் வீட்டில் துப்பாக்கியைத் துப்புரவு செய்தார். .22 தோட்டாவின் ஈயக் குண்டின்மேல் மெழுகு பூசப்பட்டிருக்கும். அம்மெழுகும் கரியும் சேர்ந்து அறையின் வாயிலிற் கெட்டியாகப் படியும். மழைக்காலத்து ஈரத்தில் பழைய எண்ணெயும் பசையாகிவிடும். அழுக்குத் துணி பல கழிந்தன. முதுகு வலிக்க இரண்டு மணிநேரம் குனிந்திருந்தார். யான் அருகே துணியைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று பன்முறை நா எழுந்தது. ஒவ்வொரு முறையும், இனிச் சொன்னால் முன்னமே சொல்லாதது ஏன் என்று கேட்பாரே என்னும் அச்சம் அதனை அடக்கிற்று. தாழ்த்த தாழ்த்த, அது சொல்லுதற்கு அரியதாயிற்று.

அடுத்த முறை களத்திற்குச் சென்றபோதும் தோட்டா சிக்கிற்று. தாத்தா சினந்தாரல்லர். “ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது மருந்து என்று தெரியாது” என்று கூறி, மாகஸின்களில் 1, 2 எனச் சுண்ணக்கட்டியால் எண் இட்டார். இரண்டையும் மாறி மாறிச் செருகிச் சுட்டார். யான் குறிப்பேட்டில் எழுதினேன். இரண்டாம் எண்ணில் ஒரு தோட்டாவும் சிக்கவில்லை. முதல் எண்ணில் ஐந்தில் இரண்டு சிக்கின. என் கையெழுத்தே எனக்கெதிராகச் சான்று கூறியது.

வீடு திரும்பியதும் அவர் மாகஸினைச் சாளரத்தின் ஒளியிற் பிடித்துக் காட்டினார். தோட்டாவை மேலே பற்றி நிற்கும் இரண்டு இதழ்களுள் இடப்புறத்தது மயிரிழையளவு உள்ளே வளைந்திருந்தது. அதனால் தோட்டாவின் பின்புறம் விடுபடத் தாழ்த்தது. மூக்கு ஒருபுறம் சாய்ந்து அறைவாயின் விளிம்பில் முட்டிற்று.

“வில்லியனூரிலிருந்தே இப்படி வந்திருக்கும் போலும். பழைய பொருள்தானே” என்றார் தாத்தா.

என் குற்றம் இறந்த காலத்துக்கும், இங்கில்லாத ஒரு முதியவருக்கும் போய்ச்சேர இருந்தது. அதனை என்னாற் பொறுக்க இயலவில்லை. “இல்லை, தாத்தா. யான்தான் படியிற் போட்டேன்” என்றேன். நாள், வேளை, இடம் யாவும் சொன்னேன்.

அவர் சிறிதுநேரம் வாளா இருந்தார். பின்பு, “விழுந்தது பிழையன்று, என் கையினின்றும் எத்தனையோ விழுந்திருக்கின்றன. அன்றே சொல்லியிருந்தால் முதலில் இதனையே பார்த்திருப்பேன். துப்பாக்கி வைத்திருப்பவன் வீட்டில் சொல்லாமல் விடுவது மட்டும் கூடாது, அப்பா” என்றார். அவ்வளவே. அன்றிரவு செபத்தின்போது என் குரல் தழுதழுத்தது.

இதழைக் குறடு கொண்டு நிமிர்த்துவோமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். மிகுதியாக விரித்தால் தோட்டா காலத்திற்கு முன்னரே மேலெழும் என்றார். மேலும், துப்பாக்கி பழுதுபார்த்தலை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும் என்பது சட்டம். அத்தகைய தொழிலாளர் ஒருவரிடம் தாமே எடுத்துச் சென்றார். அவரும், வளைந்த இதழ் நம்பத்தக்கதன்று என்று கூறவே, அம்மாகஸினை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை மட்டும் வழங்கி வருகிறார்.

சோர்வினால் நேர்ந்த சிறு வளைவை ஒளியிற் காட்டினால் ஒரு நொடியிற் காணலாம். அதனை மறைத்தமையால், ஒரு முதியவரின் மூன்று நாள் உழைப்பும், எண்ணி வாங்கிய தோட்டாக்களும் வீணாயின. நல்லவர் ஒருவர்மேற் பழியும் விழ இருந்தது. ஒதுக்கிய அம்மாகஸின் இன்றும் தாத்தாவின் பூட்டிய பெட்டியில் உள்ளது. அதன்மேல் எழுதிய ஒன்று என்னும் எண் இன்னும் அழியவில்லை.