நான்கு தந்திகளும் ஒரு கடனும்

கிடார் என்றதும், மேடையின் முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பவர்தான் உங்கள் நினைவுக்கு வருவார். அவருக்குப் பின்னால், டிரம்ஸ் பக்கத்தில், விளக்கு எட்டாத மூலையில் ஒருவன் நிற்பான். அவன் கையில் இருக்கும் நீண்ட கிடாருக்கு நான்கே தந்திகள். அவன் வாசிப்பது பலர் காதில் விழுவதில்லை. ஆனால் அவன் நிறுத்திவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். அந்த மூலையில் நின்றவன் நான். என் பேஸ் கிடாரை விற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முன்பெல்லாம் இந்த ஒலிக்காக ஆள் உயரத்தையும் மிஞ்சிய பெரிய வாத்தியத்தை நிறுத்தி வைத்து வாசித்தார்கள். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் தோளில் மாட்டும் மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மெல்லிய தந்தி 98 முறை. காதால் கேட்பதைவிட நெஞ்சால் கேட்கும் வாத்தியம் அது. 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா தாமும் கிடார் வாசித்தவர். அவர் பாடல்களில் பேஸ் தனி நடை போட்டு வரும். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பைத்தியம் பிடித்தது.

மாமா ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறார். இரண்டு திருவிழாக் காலம் வாசித்துச் சேர்த்த பணத்தில், கொல்கத்தாவில் செய்த ஒரு பழைய பேஸையும் சிறிய ஆம்ப்ளிஃபயரையும் வாங்கினேன். "பாடுறவன் தப்புப் பண்ணினா ஜனம் சிரிக்கும். நீ தப்புப் பண்ணினா, ஏன்னு தெரியாமலே அவங்களுக்குப் பாட்டு பிடிக்காமப் போயிடும் மாப்ளே!" என்பார் மாமா. அதுவே எனக்கு உபதேசம்.

அப்பா ஸ்ரீரங்கத்தில் தையற்காரர். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து வலக்கை முறிந்தது. அரசு மருத்துவமனையில் கட்டுப்போட்டார்கள், செலவில்லை. ஆனால் மூன்று மாதம் தையல் இயந்திரம் ஓடவில்லை. வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் 15,000 ரூபாய் கடன் வாங்கினோம். ஐந்து வட்டி. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்தானே என்று அப்போது தோன்றியது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு அறுபது சதவீதம்! மாதம் 750 வீதம் பதினான்கு மாதத்தில் 10,500 ரூபாய் கட்டினோம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதீத வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. என்ன செய்வது? சட்டம் புத்தகத்தில் இருந்தது. வட்டிக்காரர் வாசலில் இருந்தார்.

ஒரு மாலை, அம்மா கண்ணாடி முன் நின்று காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வீட்டில் மிஞ்சியிருந்த தங்கம் அது ஒன்றுதான். நான் மூலையில் சாய்த்திருந்த கிடாரைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"வேணாம்டா. அது உனக்குச் சோறு போடுற பொருள்" என்றாள்.

"தோடு உனக்கு உங்கப்பா போட்டது" என்றேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

பாலக்கரையில் ஒரு பையன், தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்க பேஸ் தேடுவதாக மாமா சொன்னார். ஞாயிறு மாலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆம்ப்ளிஃபயர் காலடியில். 1976-இல் திறந்த காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் தந்திகள் தாமாகவே மெல்ல அதிர்ந்தன. உறைக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

பையனின் தந்தை பேரம் பேசவில்லை. இரண்டுக்கும் சேர்த்து 15,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பையன் தடித்த தந்தியை ஒருமுறை மீட்டினான். மேசைமேல் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் முகமும் அப்படித்தான் மலர்ந்திருக்கும். "வாசிச்சு முடிச்சதும் தந்தியைத் துடைச்சு வை. வெயில்ல வைக்காதே தம்பி, கழுத்து வளைஞ்சிடும்" என்றேன். சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது, குரல்தான் வரவில்லை.

மறுநாள் கடன் முடிந்தது. புரோ நோட்டை அப்பா, குணமான அந்த வலக்கையாலேயே கிழித்தார். அம்மாவின் தோடு காதிலேயே இருக்கிறது.

நண்பர்களே! நான் தியாகம் செய்ததாகப் பெருமை பேசவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன்பே தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தால், வட்டி இதில் மிகச் சிறு பங்குதான் ஆகியிருக்கும், கிடாரும் இருந்திருக்கும். நகை அடகுக்குப் போவதை வெட்கம் என்று எண்ணினோம். அந்த வெட்கத்தின் விலைதான் என் கிடார். உங்கள் வீட்டில் யாரேனும் "ஐந்து வட்டிதானே" என்றால், தயவுசெய்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு மின்மாற்றி இருக்கிறது. நம் மின்சாரம் 50 சுழற்சி. ஆகவே அதன் ரீங்காரம் வினாடிக்கு 100 அதிர்வு. என் மெல்லிய தந்தியின் 98-க்கு மிக அருகில்! முன்பு அது சுருதி விலகி ஒலிப்பதாக எரிச்சல்படுவேன். இப்போது இரவில் ஊர் அடங்கியதும் அதைக் கேட்டபடி படுத்திருக்கிறேன். இடக்கை விரல்கள் போர்வையின்மேல் தாமாகவே நடக்கின்றன.