பீஸ் கணக்கு நோட்டு

நவம்பர் 12, 2025, புதன்

இந்த நோட்டு கம்பெனிக் கணக்குக்காக வாங்கியது. முதல் நாற்பது பக்கத்தில் யார் எத்தனை பீஸ் அடித்தார்கள், எத்தனை டேமேஜ் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து வேறு கணக்கு. நேற்று முன்தினம் சார்பு நீதிமன்றத்தில் என் ஐ.பி. மனு, அதாவது திவால் மனு, தாக்கலானது. வெளியே வந்ததும் வக்கீலம்மா சொன்னார்: "இனிமே யார் வீட்டுக்கு வந்தாலும், யார் போன் பண்ணினாலும் தேதி, நேரம், பேசின பேச்சு மூணையும் எழுதி வையுங்க. அவங்க சொன்ன வார்த்தையை மாத்தாம எழுதுங்க." அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருப்பூரில் ஒருவனைப் பற்றி "மஞ்ச நோட்டீஸ் விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டால் அவனைப் பற்றிப் பேச அதற்குமேல் ஒன்றும் கிடையாது. டீக்கடையில் நின்று நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். மனுவுக்குப் பட்டியல் எழுத உட்கார்ந்த ராத்திரிதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று தெரிந்தது. கடன் கொடுத்தவர் ஒருவர் பெயரையும் விடக் கூடாது. முகவரி வேண்டும், தொகை வேண்டும். இருபத்து மூன்று பேர், 41 லட்சம். பதினேழாவது பெயர் என் மச்சான். தன் தங்கையின் கல்யாண நகைக்காகச் சேர்த்த பணத்திலிருந்து எனக்குக் கொடுத்தவர். அந்தப் பெயரை எழுதும்போது மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். பேனாவை வாங்கி முகவரியை அவளே எழுதினாள்.

2016-இல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்திருந்தேன். என்னைப் போல் தனி ஆளாகத் தொழில் செய்து நொடித்தவனுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்து 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தானாம். மனு போட்ட உடனே யாரும் நம்மைத் தொடக் கூடாது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. கோர்ட் விசாரித்து, திவாலானவர் என்று உத்தரவு போட்ட பிறகுதான் கடன் கொடுத்தவர் எவரும் கோர்ட் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. அதுவரை இடைவெளிதான். மிரட்டுகிறவர்களுக்கு அந்த இடைவெளி நன்றாகத் தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

இரவு 9.50. இரண்டு பேர். மீட்டர் வட்டிக்காரர் அனுப்பியவர்கள்.

அந்தக் கடனை முதலில் எழுதிவிடுகிறேன். போன வருஷம் தீபாவளிக்கு டெய்லர்களுக்குப் போனஸ் கொடுக்கக் கையில் காசில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து பில் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள்தானே என்று 3 லட்சம் கேட்டேன். பத்து வட்டி. முதல் மாத வட்டி 30,000-ஐப் பிடித்துக்கொண்டு கையில் 2,70,000 கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் இரண்டு, எழுதாத பத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டார்கள். நவம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் 30,000 கட்டினேன். பத்து மாதத்தில் 3 லட்சம் போய்விட்டது. அசல் 3 லட்சம் அப்படியே நிற்கிறது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. எனக்கு ஜாப் ஒர்க் கொடுத்த கம்பெனியின் ஆர்டர் முழுக்க அமெரிக்காவுக்குப் போகிற டீ-சர்ட். கட்டிங் முடித்து என் பவர் டேபிளுக்கு வந்த துணியைக்கூட வண்டி வைத்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். பதினாறு மெஷின் ஓடிய செட்டில் செப்டம்பர் முதல் வாரத்தில் விளக்கு போடவில்லை.

வந்தவர்கள் உள்ளே வரவில்லை. படியில் ஒருவன் உட்கார்ந்தான். இன்னொருவன் கதவோரம் ஆணியில் மாட்டியிருந்த என் மகளின் அடையாள அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். பள்ளிக்கூடத்தின் பெயர், எட்டாம் வகுப்பு, பி பிரிவு. நிறுத்தி நிறுத்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. பிறகு உள்ளே பார்த்து, "ஸ்கூலு எத்தனை மணிக்குடா பாப்பா விடும்?" என்றான்.

எனக்குக் காலில் பலமில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உன்னோட மூணு சென்ட் இடத்தை அண்ணன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் கோர்ட்டுக்குப் போ. திங்கக்கிழமை பத்தர ஆபீசுக்கு வந்துரு" என்றான் படியில் இருந்தவன். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பொய் எழுதக் கூடாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

மனைவிதான் வாசல் விளக்கைப் போட்டாள். "உங்க பேரு என்னங்ணா? எங்கூட்டுக்காரரு நோட்டுல எழுதோணும். கோர்ட்டுல கேப்பாங்களாம்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டாள். அவன் அட்டையைப் படியில் போட்டுவிட்டு எழுந்தான். பேர் சொல்லவில்லை. வண்டி எண்ணை நான் எழுதிக்கொண்டேன். மேல்வீட்டு ஆத்தா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் தூங்கவில்லை. அட்டையைத் துடைத்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 15, சனி

இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமை என்றால் எனக்குச் சம்பளக் கவர்தான். முதல் பத்து வருஷம் வாங்கினேன், பிறகு கொடுத்தேன். இன்று செக்கிங் அக்கா வந்தார். மூன்று வாரச் சம்பளம் பாக்கி. வீட்டுக்குள் வந்து கீழே உட்கார்ந்தார்.

"எம்பட பேரைக் கோர்ட்டுப் பேப்பர்ல எழுதியிருக்கறயா தம்பி?"

"எழுதியிருக்கேன்க்கா."

"அதுபோதும். இல்லீன்னு சொல்லாம இருந்தயே." டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்த 41 லட்சத்தில் தன் பங்கு வராவிட்டால் யார் வீட்டில் அடுப்பு எரியாதோ அவர் அதட்டவில்லை. அதை நான் மறக்கவே கூடாது.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து இடத்தைப் பற்றிக் கேட்டேன். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்திருந்தால்கூட அதைக் கோர்ட் செல்லாது என்று சொல்ல முடியும், மனு போட்ட பிறகு எழுதிக்கொடுத்தால் நானே மற்ற இருபத்து இரண்டு பேரை ஏமாற்றியவன் ஆவேன் என்றார். அந்த மூன்று சென்ட் செக்கிங் அக்காவுக்கும் சேர்த்துத்தான். திங்கட்கிழமை பத்திர ஆபீசுக்குப் போக மாட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

காலை 6.40. தாராபுரம் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன். மெஷின் லோன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஆள். "உம் மகன் திருடிட்டு ஓடிட்டான், போலீஸ் தேடுது" என்றிருக்கிறான். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட சுற்றறிக்கையின் நகலை வக்கீலம்மா கொடுத்திருந்தார். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. குடும்பத்தார், நண்பர் என்று யாரிடமும் அவமானப்படுத்திப் பேசக் கூடாது. அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். உன் பெயர் என்ன, எந்த ஏஜென்சி, அடையாள எண் என்ன, அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் பேசினாய் என்று நான்கே கேள்வி. வைத்துவிட்டான். கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு நேரத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். மெஷின் அவர்கள் அடமானத்தில் இருக்கிறது, ஐ.பி. போட்டாலும் அவர்கள் அதை எடுக்கலாம், முறைப்படி வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். ஒன்பது மெஷின். எடுத்துப் போகட்டும். அம்மாவைத் தொடக் கூடாது.

நவம்பர் 24, திங்கள்

ஸ்டேஷனில் போன வாரம் மனு கொடுத்தேன். "இது சிவில் மேட்டருங்க, கொடுத்த காசைக் கேக்கறாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்று கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாள். மனைவியும் வந்தாள்.

வாசலில் வரிசை. பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பெண் போலீஸ் ஒருவர் என் மனைவியின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகினார். மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். மூடினார். கொடுத்தார். எல்லோருக்கும் செய்வதுதான். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பின்னால் நின்ற பாட்டியின் பாட்டிலையும் மோந்தார்.

என்னால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. 2017 அக்டோபர் 23, அதுவும் திங்கட்கிழமைதான். திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள். பல முறை மனு கொடுத்துப் பார்த்தவர்கள். அன்று டி.வி.யில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் கம்பெனியில் யாரும் மதியம் சாப்பிடவில்லை. அவர்கள் எரிந்ததால்தான் என் மனைவியின் பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள். பாட்டிலைச் சோதிக்கிற அக்கறையில் பாதியாவது அவர்கள் கொடுத்த முதல் மனுவின் மேல் இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். மிரட்டலுக்கு ஆளான கடனாளி தற்கொலை செய்துகொண்டால் வட்டிக்காரர் தூண்டியதாகவே எடுத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. கடன்பட்டவன் செத்த பிறகு அதனால் என்ன பயன்? உயிரோடு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டும்.

மனுவோடு இந்த நோட்டின் ஜெராக்ஸை வைத்தேன். 9.50, அடையாள அட்டை, வண்டி எண், எல்லாம். மேசையில் இருந்த அதிகாரி ரொம்ப நேரம் படித்தார். "நீங்களே எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். சிவப்பு மையில் போலீசுக்குக் குறிப்பு எழுதினார்.

நவம்பர் 28, வெள்ளி

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விசாரித்தார். சி.எஸ்.ஆர். ரசீது கையில் கொடுத்தார்கள். மேல்வீட்டு ஆத்தா தானாகவே வந்து, பார்த்ததைச் சொன்னார். வட்டிக்காரர் எதிரே உட்கார்ந்து, "நான் யாரையும் அனுப்பலை" என்றார். வெற்றுச் செக்கைத் திருப்பித் தரவில்லை. அதை வங்கியில் போட்டால் என்ன ஆகும் என்று வக்கீலம்மா விளக்கினார். செக் திரும்பினால் முப்பது நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், எனக்குப் பதினைந்து நாள் அவகாசம். ஐ.பி. போட்டது செக் வழக்கைத் தடுக்காது. நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவது முட்டாள்தனம், வாங்கிக்கொண்டு அன்றே வரச் சொன்னார். 2,70,000 வாங்கி 3 லட்சம் கட்டிய கணக்கு முழுவதையும் பதில் நோட்டீசில் எழுதுவோம் என்றார்.

பயம் போய்விடவில்லை. ஆனால் 14-ஆம் தேதிக்குப் பிறகு படியில் யாரும் வந்து உட்காரவில்லை.

டிசம்பர் 3, புதன்

நூல்கண்டு, எலாஸ்டிக் கடனாகத் தந்த காதர்பேட்டைப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு 1,85,000 தர வேண்டும். கோர்ட் நோட்டீஸ் போவதற்கு முன்பே நேரில் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் ஒரு மாதம் அந்தத் தெருவுக்கே போகவில்லை.

"நோட்டீஸ் வந்துச்சுங் தம்பி. அதுக்கு முன்னால நீங்க வருவீங்கன்னு பாத்தேன்" என்றார். அதட்டல் இல்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. மிரட்டியவரிடம் பயந்து, மரியாதையாக இருந்தவரிடம் ஒளிந்திருக்கிறேன். என்மேல் எனக்குள்ள பெரிய புகார் இதுதான். கோர்ட்டில் என்ன தீர்ப்பு வந்தாலும், கடனிலிருந்து விடுதலை கிடைத்த பிறகும், அவருக்கும் அக்காவுக்கும் மச்சானுக்கும் என்னால் முடிந்ததைக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6, சனி

இந்தத் திங்கள் முதல் வேறொரு கம்பெனியில் பேட்லாக் டெய்லர். இருபத்தி நாலு வயதில் உட்கார்ந்த அதே மெஷின்தான். இன்று மாலை சம்பளக் கவர் வாங்கினேன். மனைவி அதைச் சாமி படத்தின் முன் வைத்தாள். மகள் என்னிடம் கோர்ட்டில் நம் பாத்திரத்தையெல்லாம் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். சமையல் பாத்திரம், பாய் படுக்கை, உடுத்துகிற துணி, அம்மாவின் தாலி எதையும் எந்தக் கோர்ட்டும் ஜப்தி செய்ய முடியாது, சட்டத்தில் எழுதியிருக்கிறது என்றேன். அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.

எங்கள் லைனிலேயே இன்னும் மூன்று செட்டுகள் மூடிக் கிடக்கின்றன. அந்த வீடுகளிலும் ராத்திரி கதவு தட்டுவார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: தனியாக இருந்து தாங்காதீர்கள். வந்தவனின் பெயரைக் கேளுங்கள், தேதியும் நேரமும் எழுதுங்கள், மறுநாளே மனுவாக்குங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் அது. எனக்கு வக்கீலம்மா கிடைத்தது அந்த வழியில்தான். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.