ஊசியும் ஒரு மாம்பழமும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் தானா ஊசி போடவோ நிறுத்தவோ வேண்டாம்.

ரெண்டு வருஷம் முன்னாடி சென்னைல நைட் ஷிஃப்ட். எடை 94 கிலோ. எந்நேரமும் அசதி. ஒரு கிளினிக்ல (பேரு வேண்டாமே) சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரத்தம் எடுத்தாங்க. டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 260 நானோகிராம். "உங்க வயசுக்கு கம்மி சார்"னு சொல்லி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எனந்தேட் 250 மில்லிகிராம் ஊசி.

மொத மாசம் ராஜா மாதிரி இருந்தேன். ஊசி போட்ட ரெண்டு மூணு நாள் ஆட்டம், பன்னெண்டாம் நாள் ஆனா யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுவேன். அப்புறம் மார்க் காம்புல வலி. கொழுப்புல இருக்கற அரோமடேஸ்ங்கற நொதி, டெஸ்டோஸ்டிரோன்ல ஒரு பகுதியை எஸ்ட்ரடயாலா மாத்திடுமாம். நம்மகிட்ட கொழுப்புக்கு என்ன பஞ்சம் :)

ஜிம்ல ஒரு அண்ணன், "அனஸ்ட்ரசோல் போடு தம்பி, பெண் ஹார்மோனை அடிச்சிரும்"னாரு. போட்டேன். அடிச்சது, என் மூட்டையும் சேர்த்து! ஆம்பளைக்கும் எஸ்ட்ரடயால் வேணும்ங்கறது அப்பத் தெரியாது. எலும்புக்கு வேணும், ஆசைக்கும் வேணும். அது குறைஞ்சா கொழுப்பு ஏறுது, ஆசை குறையுதுன்னு 2013ல பாஸ்டன்ல செஞ்ச ஆய்வே இருக்கு.

(காரைக்கால்காரனா இருந்துட்டு பிரெஞ்சுக்காரங்களை இழுக்காம எப்படி? 1889ல பாரிஸ்ல பிரவுன்-செக்கார்னு 72 வயசு பேராசிரியர், நாய், கினிப்பன்றி விரைச்சாறைத் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு, இளமை திரும்பிடுச்சுன்னு அறிவிச்சார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணில கரையாத சரக்கு. அந்தச் சாறுல ஒண்ணும் இருந்திருக்காது. மனசுதான். நான் மொத மாசம் ராஜாவா இருந்ததுல மனசு எத்தனை சதவீதமோ!)

ஒரு வருஷத்துல ஹெமடோக்ரிட் 55க்கு ஏறிடுச்சு, அதாவது ரத்தம் கெட்டியாகுது. 54 தாண்டினா மருந்தை நிறுத்தணும்ங்கறாங்க. பயந்து ஊருக்கு வந்தேன். அம்மா அப்பத்தான் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிருந்தாங்க. புதுச்சேரில ஒரு ஹார்மோன் டாக்டரம்மாகிட்ட போனேன்.

மொதக் கேள்வியே, "காலைல, வெறும் வயித்துல, ரெண்டு தடவை பார்த்தாங்களா தம்பி?" சாயங்காலம் அளவு இறங்கும், தூக்கம் கெட்டா இறங்கும், எடை ஏறினாலும் இறங்கும். மூணும் நான்தான். ரெண்டாவது கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?"

விந்து டெஸ்ட்ல பூஜ்யம். ஒண்ணுகூட இல்லை.

பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாங்க. நம்மாளுங்களுக்கு ஈசியாப் புரியும், சுத்தமான ஃபீட்பேக் லூப். மூளை ரத்தத்துல இருக்கற டெஸ்டோஸ்டிரோனை மானிட்டர் பண்ணிக்கிட்டே இருக்கும். வெளிலருந்து வந்து கொட்டினா, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். அனுப்பறதை நிறுத்திடும். அதுக்கப்புறம் விரை சும்மா இருக்கும். உள்ளே டெஸ்டோஸ்டிரோன் அளவு விழுந்துடும், விந்தணு உற்பத்தி நின்னுடும். உலக சுகாதார நிறுவனம் இதே எனந்தேட்டை வாரம் 200 மில்லிகிராம் குடுத்து ஆண் கருத்தடையா சோதிச்சு, 1990ல முடிவை வெளியிட்டிருக்கு. 271 பேர்ல 157 பேருக்கு பூஜ்யம் வந்துச்சு. காசு குடுத்து கருத்தடை ஊசி போட்டுக்கிட்டிருந்திருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடியே!

ஊசியை நிறுத்தினாங்க. எல்.எச். மாதிரி வேலை செய்யற எச்.சி.ஜி. மூணு மாசம். பெரும்பாலானவங்களுக்குத் திரும்பிடும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ, சிலருக்கு ரெண்டு வருஷமும் ஆகும்னாங்க. மொத ரெண்டு மாசம் நரகம். அரசலாத்துப் பாலத்துல உக்காந்து சும்மாவே அழுதிருக்கேன்.

எட்டாவது மாசம் மில்லிக்கு 90 லட்சம் வந்துச்சு. நார்மல்னா குறைஞ்சது 1.6 கோடி. எடை 81. காலைல எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 390, ஊசி இல்லாம.

இந்த வருஷம் மாங்கனித் திருவிழால, பிச்சாண்டவர் போறப்ப மாடிலேருந்து மாம்பழம் எறியறாங்க இல்ல, அதைப் பிடிச்சா பிள்ளை பிறக்கும்பாங்க. அம்மா கூட்டத்துல என்னை முன்னாடி தள்ளி, "பிடிடா பிடிடா"ன்னாங்க. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஒண்ணு நேரா கைலயே வந்து விழுந்துச்சு, லேசா நசுங்கி.

அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "பொண்ணு வீட்டுல நீயே சொல்லிடு"ன்னாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை போறோம்.